பெயர்ப் பலகை இல்லாத கட்டடம்

காலையில் வேலைக்கு வந்ததும் ஒடெட் நேராகத் தன் கட்டடத்துக்குள் போவதில்லை. காரை நிறுத்திவிட்டு, பக்கத்துக் கட்டடத்தில் தரை ஓடு அறுத்து விற்கும் கார்னிக்கிடம் போய் நிற்பாள். அறுபதைத் தாண்டிய அந்த ஆர்மீனியர் தன் கடை வாசலில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பார்.

"என்ன அண்ணே, வருதா?"

கார்னிக் கோப்பையைக் கீழே வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை வானத்தை நோக்கித் தூக்கி, ஊர்க் காற்று முழுவதையும் உள்ளே இழுப்பது போல இழுப்பார்.

"ம்ஹூம். ஒண்ணும் இல்ல தங்கச்சி. என் பொண்டாட்டி சட்டையில தெளிச்ச சென்ட்டு வாசனைதான் வருது."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"உன் மூக்கு செத்துப்போச்சுன்னா ஊர்ல எல்லா மூக்கும் செத்துப்போச்சா? போ, போய்ப் பொழைப்பைப் பாரு."

அப்போதுதான் ஒடெட்டுக்கு அன்றைய நாள் தொடங்கும்.

அவள் மூக்கு செத்துப்போனது உண்மை. கஞ்சாச் செடிகள் பூக்கும் அறைக்குள் வருஷக் கணக்காக நின்றவளுக்கு அந்த வாசனை தெரியாது. தெரியாமல் போனதுதான் அவளுக்குப் பெரிய பயம். சான் எலாரியோ நகராட்சியின் விதிகளில் முதல் விதியே அதுதானே! சுவருக்கு வெளியே வாசனை வரக் கூடாது. வெளிச்சம் கசியக் கூடாது. கட்டடத்தின் மேல் பெயரோ, இலைப் படமோ, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் ஒற்றைச் சொல்லோ இருக்கக் கூடாது. திருடர்களுக்குப் பயந்து, எந்தக் கட்டடத்தில் செடி வளர்கிறது என்பதை நகராட்சியும் வெளியில் சொல்லாது. நான்கு பக்கமும் கேமரா இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகள் கூடும் எந்த இடத்துக்கும் அறுநூறு அடிக்குள் அந்தக் கட்டடம் இருக்கக் கூடாது. கட்டடம் முதலில் வந்திருந்தால், குழந்தைகளின் இடம் பிறகு அங்கே வரக் கூடாது.

பழம் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை மூடப்பட்டு, நகராட்சியின் கஜானா காலியாகிக் கிடந்த நேரத்தில்தான் இந்தத் தொழிலுக்கு ஊரில் இடம் கொடுத்தார்கள். அதுவும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொழில் வளாகத்தில் மட்டும். சாம்பல் நிறப் பெட்டிகளை வரிசையாக அடுக்கியது போன்ற கட்டடங்கள். உயரமான கூரை, குறைந்த வாடகை. ஒடெட் அந்த விதிகளை வேதம் போல மனப்பாடம் செய்திருந்தாள். வாசனையை உறிஞ்சும் கரி வடிகட்டி மற்றவர்கள் ஒன்று வைத்தால் இவள் இரண்டு வைத்தாள். கதவை வளாகத்தின் சுவர் நிறத்திலேயே பூசினாள். வேலைக்கு வருகிறவர்கள் பின்பக்கமாகவே போய்வந்தார்கள். தபால்காரருக்கே அது காலிக் கட்டடம் என்று நினைப்பு.

"உன்னை மாதிரி ஒளிஞ்சுக்கத் தெரிஞ்சவ ஊர்ல எவளும் இல்ல" என்று கார்னிக் கேலி செய்வார். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். பாவம், அந்தப் பாராட்டே ஒருநாள் அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒடெட் பெட்டன்கோர்ட் மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். அவளுடைய தாத்தா காலத்தில் அசோரஸ் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அப்பா இறந்ததும் மாடுகள் போயின. மிச்சம் இருந்தது நோயாளி அம்மாவும், தங்கை இல்டாவும்தான். இல்டா அக்காவைவிடப் பதின்மூன்று வயது இளையவள். ஒடெட்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டாள், பள்ளிக்கு அனுப்பினாள், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டாள். இல்டா கால் தரையில் நிற்காத பெண். வைக்கோல் போரிலிருந்து குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே வளர்ந்தாள். கடைசியில் அதுவே அவள் தொழிலாயிற்று. ஊர்த் தேவாலயத்தை ஒட்டிய பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்தாள்.

அம்மாவுக்கு எலும்பில் புற்றுநோய் வந்தது. வலியில் அவள் போட்ட சத்தம் பக்கத்துப் பண்ணை வரை கேட்டது. யாரோ ஒரு சொந்தக்காரர் ஒரு சீசா கஞ்சா எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். அன்று இரவு அம்மா தூங்கினாள். ஒடெட் அவள் கட்டிலடியில் உட்கார்ந்து, தூங்குகிற அம்மாவைப் பார்த்துப் பார்த்து அழுதாள். அடுத்த மாதமே பழைய பால் கறக்கும் கொட்டகையில் நாலு தொட்டி வைத்தாள். அம்மா போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. நகராட்சி அனுமதி கொடுத்தபோது மிச்ச நிலத்தையும் விற்று, அந்தச் சாம்பல் கட்டடத்தில் போட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? "கஞ்சாக்காரியோட தங்கச்சி எங்க புள்ளைங்களைத் தொடக் கூடாது" என்று பெற்றோர் சிலர் பள்ளிக்கு வந்து கத்தினார்கள். பாதிரியார் இல்டாவைக் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

பரிசுத்த ஆவித் திருவிழா அன்று, ஊரே நீள மேஜைகளில் உட்கார்ந்து, புதினா மணக்கும் மாட்டிறைச்சிச் சாறில் ரொட்டியை ஊற வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இல்டா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மாவைத் தூங்க வச்சதுக்கு உன் கையில முத்தம் குடுப்பேன்க்கா. அதுல எனக்கு மனஸ்தாபமே இல்ல. அம்மாதான் போயாச்சே, இன்னும் எதுக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச தொழில் இதுதான்டி."

"எனக்கும் ஒரே ஒரு தொழில்தான் தெரியும். அதை நீ பறிச்சுட்ட."

இல்டா சாறு ஆறுவதற்குள் எழுந்து போனாள். எந்த ஊருக்குப் போனாள் என்றுகூடச் சொல்லவில்லை. ஏழெட்டு வருஷங்கள் ஓடிப்போயின. ஒடெட் ஐம்பதைத் தாண்டினாள். ஒவ்வொரு திருவிழாவிலும் தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்து வைப்பாள். யாராவது கேட்டால், "ஆள் வருது" என்பாள்.

அந்த வருஷம் பாதாம் பூத்து உதிர்ந்த சமயம், எதிர் வரிசையில் காலியாகக் கிடந்த பெரிய கட்டடத்துக்கு ஆள் வந்தது. செய்தியைக் கொண்டுவந்தவர் கார்னிக்.

"யாரோ ஒரு பொம்பளையாம். தனியா வந்து தானே வெள்ளை அடிக்குறா. புள்ளைங்களுக்குக் குட்டிக்கரணம் சொல்லிக்குடுக்குற இடமாம்."

ஒடெட் எதிர் வரிசைப் பக்கம் திரும்பினாள். "புள்ளைங்களா? அண்ணே, எதிர்லயேவா?"

"ஏன் நடுங்குற? நீ முதல்ல வந்தவ. உனக்கு ஒண்ணும் ஆகாது. அவளுக்குத்தான் அனுமதி கிடைக்காது. வெள்ளை அடிச்சது தண்டம், அவ்வளவுதான்."

அவர் சொன்னது சரிதான். ஒடெட் நிம்மதியாக உள்ளே போய்க் கேமராத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். விதிப்படி வைத்த கேமராக்களில் ஒன்று எதிர்க் கட்டடத்தின் வாசலையும் சேர்த்துக் காட்டும். திரையில் ஒரு பெண் வெள்ளை வாளியோடு வெளியே வந்தாள். வாளியை வைத்தாள். இரண்டு கைகளையும் தட்டித் தூசியை உதறினாள். அவிழ்ந்த கூந்தலை ஒரே சுழற்றில் முறுக்கி, பல்லில் கடித்திருந்த பென்சிலை எடுத்து அதில் செருகினாள்.

அம்மா அப்படித்தான் செருகுவாள், பால் கறக்கப் போகும்போது. பென்சிலுக்குப் பதில் குச்சி.

"இல்டா…" என்றாள் ஒடெட், திரையைத் தொட்டு.

உடனே எழுந்து ஓடியிருக்க வேண்டும். கதவைத் திறந்து, வண்டிகள் நிற்கும் அந்த வெட்டவெளியைக் கடந்து, "அடியே, இங்க வேணாம்டி, உனக்கு இங்க அனுமதி கிடைக்காது" என்று சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லியிருந்தால் நஷ்டம் ஒரு வாளி வெள்ளையோடு போயிருக்கும். எழுந்தாள்தான். கதவின் பிடியில் கை வைத்தாள்தான். ஆனால் சொன்ன மறுநிமிஷம் அவள் போய்விடுவாளே! ஏழெட்டு வருஷம் கழித்துக் கண்ணுக்குக் கிடைத்த முகம், 'ஓ, இங்கேயும் நீயா?' என்று திரும்பிப் போய்விடுமே!

நாளைக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்தாள்.

அந்த நாளை வரவே இல்லை. இல்டா வருமுன் உள்ளே போய், அவள் போன பிறகே வெளியே வந்தாள் ஒடெட். மறுநாள் இல்டா ஏணி மேல் நின்று கூரைக்குக் கீழே வளையம் மாட்டினாள். ஒடெட் திரையில் பார்த்தபடி, "பாத்துடி, விழுந்துடாதே" என்று முணுமுணுத்தாள். அதற்கடுத்த வாரம் லாரியில் மெத்தை மெத்தையாக வந்து இறங்கியது. தச்சர்கள் வந்து துள்ளும் தரை போட்டார்கள். பிள்ளைகள் பாய்ந்து விழுவதற்கு, தரையை வெட்டி, நுரைக் கட்டிகள் நிரப்பிய பெரிய பள்ளம் தயாராயிற்று. மத்தியானத்தில் இல்டா வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து ரொட்டி தின்பாள். அதே நேரத்தில் ஒடெட்டும் திரைக்கு முன்னால் தன் டப்பாவைத் திறப்பாள். அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருத்திக்குத்தான் அது தெரியும்.

செடியிலிருந்து மொட்டுகளை வெட்டிச் சுத்தம் செய்யும் பெண்களுக்குத் தலைமை ஷெங். லாவோஸ் மலைகளிலிருந்து ஓடிவந்த மோங் இனக் குடும்பத்தில் பிறந்தவள். புருஷன் இல்லை, நாலு பிள்ளைகள். அவள்தான் ஒருநாள் கேட்டாள்.

"என்னக்கா, தினமும் இந்த ஒரே சேனலைத்தான் பாப்பீங்களா? எங்க பாட்டிகூட விளம்பரம் வந்தா மாத்துவாங்க."

ஒடெட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது என் தங்கச்சி."

ஷெங்கின் சிரிப்பு நின்றது. திரையையும் ஒடெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதிர்ல நாம இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமயா இவ்வளவு செலவு பண்றாங்க? விசாரிக்கலையா?"

"விசாரிச்சிருப்பா. இந்த வளாகத்துல புள்ளைங்க விளையாட்டுக்கு இடம் உண்டான்னு கேட்டிருப்பா. உண்டுன்னுதான் சொல்லியிருப்பாங்க. அது உண்மைதானே? யார் எதிர்ல இருக்கான்னு கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் எந்தக் கட்டடத்துல இருக்கேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் முடிஞ்சப்புறம் அதிகாரி வந்து அளப்பாரு. அப்பத்தான்…"

"அக்கா! இதைத் தெரிஞ்சுக்கிட்டா உட்கார்ந்து பாத்துக்கிட்டு இருக்கீங்க? இப்பவே எழுந்து போங்க."

"நாளைக்கு…"

"நாளைக்கு என்ன விடிஞ்சிடப் போகுது? நாளைக்கு இன்னும் ரெண்டு மெத்தை வரும். போங்கக்கா!"

அன்று சாயங்காலமே ஒடெட் கிளம்பினாள். குளித்தாள். உடையை மாற்றினாள். இல்டாவுக்குப் பிடித்த, முட்டை போட்டுப் பிசைந்த மாசா என்னும் இனிப்பு ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். வெட்டவெளியின் பாதி வரை வந்துவிட்டாள். திறந்திருந்த கதவு வழியே இல்டாவின் குரல் கேட்டது. யாரோ ஒரு தாயிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கவலைப்படாதீங்கம்மா, இது ரொம்ப நல்ல இடம். அமைதியா இருக்கு. எதிர்ல ஒரு காலிக் கட்டடம், பக்கத்துல ஓடு அறுக்குற ஒரு பெரியவர், அவ்வளவுதான். சுத்தமான காத்து."

ஒடெட்டின் கால் நின்றது. தன் கையை மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் தெரியவில்லை. தெரியாதே! தன் மேல் அந்த வாசனை இருந்தால்? பக்கத்தில் போனதுமே இல்டா முகத்தைச் சுளித்தால்? பேச வாய் திறப்பதற்குள் அந்தப் பழைய திருவிழா மேஜை இருவருக்கும் நடுவே வந்து நின்றுவிட்டால்?

ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கதவுக்குள் நுழைந்ததும் ஷெங் அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள்.

அதிகாரி வந்தார், பார்த்தார், அனுமதி இல்லை என்றார். ஏன் என்ற காரணத்தை நகராட்சியின் திட்டக் குழு சொல்லும், விதிவிலக்கு வேண்டுமானால் அங்கே வந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கூட்டத்துக்கு ஒடெட்டுக்கும் அழைப்பு வந்தது. தொழில் வைத்திருப்பவளின் கருத்தையும் கேட்க வேண்டுமாம்.

கூட்டம் மத்தியானத்தில். மண்டபத்தில் முப்பது பேர் இருந்தால் அதிகம். இல்டா முதல் வரிசையில், தேய்த்த வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். கூந்தலில் பென்சில் இல்லை. ஒடெட் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால். 'என்ன முடிவுன்னு எங்களுக்கும் தெரியணும்ல' என்று ஷெங்கும் இரண்டு பெண்களும் வேலை உடுப்பை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

இல்டா எழுந்து நின்று பேசினாள். தன்னிடம் பெயர் கொடுத்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். தரை போட்டதைச் சொன்னாள். "எல்லா விதியும் படிச்சுப் பாத்துட்டுத்தான் வந்தேன். என்ன குறைன்னு சொல்லுங்க, சரி பண்ணிடறேன்" என்றாள்.

குழுத் தலைவி வயதான அம்மாள். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே இரக்கம் இருந்தது.

"உங்க மேல குறை இல்லம்மா. வழக்கமா இதை வெளிய சொல்ல மாட்டோம், மனுவுக்குக் காரணம் சொல்லியாகணுமேன்னு சொல்றேன். உங்களுக்கு நேர் எதிர்ல உரிமம் வாங்கின கஞ்சா வளர்ப்புக் கட்டடம் ஒண்ணு இருக்கு. அது உங்களுக்கு முன்னாடியே வந்தது. அறுநூறு அடிக்குள்ள புள்ளைங்களுக்கு இடம் குடுக்க முடியாது."

"எதிர்லயா?" இல்டா சிரித்தேவிட்டாள். "எதிர்ல ஒண்ணும் இல்லையேம்மா! ஒரு பேர்கூட இல்ல. ஒரு மாசத்துக்கு மேல அங்கயே கிடக்கறேன், ஒரு வாசனைகூட வந்ததில்ல."

தூணுக்குப் பின்னாலிருந்து ஒடெட் எழுந்தாள்.

"அது என்னோடதுதான்."

இல்டா திரும்பினாள். அந்த முகத்தில் முதலில் ஒரு மின்னல் போல மகிழ்ச்சி வந்து போனதை ஒடெட் பார்த்தாள். ஆம், பார்த்தாள்! சாகும் வரை அதை அவள் மறக்க மாட்டாள். பிறகு அந்த மின்னல் அணைந்தது.

"அக்கா… நீயா?"

"நான்தான்டி."

"எதிர்ல இருக்கிறது நான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் என்று சொல்லியிருந்தால் யார் கண்டார்கள்? ஆனால் காய்ச்சலில் மடியில் கிடந்த அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"நீ வெள்ளை அடிச்ச அன்னைக்கே."

இல்டா கையிலிருந்த காகிதங்களை நாற்காலியில் வைத்தாள்.

"தரை போடறப்ப…?"

"தெரியும்."

"பள்ளம் தோண்டறப்ப?"

"தெரியும்டி. தினமும் கேமராவில உன்னைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சொன்னா நீ போயிடுவேன்னு…" அவள் குழுவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, எனக்கு ஆட்சேபணை இல்ல. அவ இருக்கட்டும். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

தலைவி மெல்லத் தலையசைத்தார். "இந்த விதி உங்களைக் காப்பாத்தப் போட்டது இல்லம்மா, நீங்க விட்டுக்குடுக்கறதுக்கு. புள்ளைங்களுக்காகப் போட்டது. விதிவிலக்குக் குடுக்க வழியில்ல."

"அப்ப நான் என் உரிமத்தையே விட்டுட்டா? இன்னைக்கே, இப்பவே விட்டுட்டா?"

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம். ஒடெட் திரும்பிப் பார்த்தாள். ஷெங் எழுந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன் வீட்டு அடுப்பை யாரோ அணைப்பதைப் பார்க்கும் திகைப்புதான் இருந்தது. பக்கத்திலிருந்த இரண்டு பெண்களும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்" என்றாள் இல்டா. தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அவங்க எதையும் விட வேணாம்மா. நான் என் மனுவைத் திரும்ப வாங்கிக்கறேன்." பிறகு அக்காவிடம், மிகத் தாழ்ந்த குரலில்: "போன தடவை தெரியாம என் வேலையைக் கெடுத்த. அதை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்க்கா. இங்க வந்ததே, இந்த ஊர்லயே தலை நிமிந்து நிக்கலாம், ஒருநாள் உன் வீட்டுக் கதவையும் தட்டலாம்னுதான். இந்தத் தடவை தெரிஞ்சே பண்ணியிருக்கியே."

அவள் நடந்து போனாள். நடு வழியில் நின்ற ஒடெட்டை உரசாமல், ஒதுங்கிப் போனாள்.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் ஷெங் காத்திருந்தாள்.

"ஷெங், நான் ஏதோ ஒரு வேகத்துல…"

"பரவாயில்ல மேடம்" என்றாள் ஷெங்.

எத்தனையோ வருஷமாய் 'அக்கா' என்று கூப்பிட்ட வாய். அந்த ஒரு சொல் மாறியதில் ஒடெட்டின் நெஞ்சு இரண்டாவது தடவையாக அறுந்தது.

"உங்களை விட்டுட மாட்டேன் ஷெங். அங்க ஏதோ வாயில வந்துடுச்சு."

"வந்துடுச்சு மேடம். அதைத்தான் நாங்களும் கேட்டோம்." அவள் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளும் நேரத்துக்கு வேலைக்கு வந்தாள், ஒழுங்காக வேலை செய்தாள், சிரிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் எதிர்க் கட்டடத்துக்கு லாரி வந்தது. மெத்தைகள் வெளியே வந்தன. நுரைக் கட்டிகளை மூட்டை மூட்டையாய்க் கட்டி ஏற்றினார்கள். துள்ளும் தரையைப் பெயர்த்து எடுக்க முடியாது, அது அங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஒடெட் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் நடந்து பழகும் நீண்ட மரக் கட்டையை இல்டா ஒரு முனையில் தூக்க முயன்று, முடியாமல் கீழே வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்தாள். லாரிக்காரர்கள் உள்ளே எதையோ கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒடெட் எழுந்தாள். இந்தத் தடவை குளிக்கவில்லை, உடை மாற்றவில்லை. பூ அறையிலிருந்து வந்த அதே உடுப்போடு கதவைத் திறந்து, வெட்டவெளியைக் கடந்து, கட்டையின் மறு முனையில் போய்க் குனிந்தாள்.

இல்டா அவளைப் பார்த்தாள். போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

"அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்த்திப் பிடி" என்றாள் கடைசியில்.

இருவரும் தூக்கிக்கொண்டு போய் லாரியில் ஏற்றினார்கள். ஒடெட்டுக்கு மூச்சு வாங்கியது.

"ஒருநாள் வந்தேன்டி. மாசா ரொட்டி எடுத்துக்கிட்டு. பாதி வழி வரைக்கும் வந்தேன். என் மேல வாசனை அடிக்குமோன்னு பயந்து திரும்பிட்டேன்."

இல்டா அக்காவின் தோளருகே முகத்தைக் கொண்டுவந்து, ஒரு கணம் காற்றை இழுத்தாள். கண்கள் நிறைந்துவிட்டன.

"இப்ப அடிக்குது" என்றாள். "நல்லாவே அடிக்குது. இதே வாசனை ஒரே ஒருநாள் அந்தச் சுவரைத் தாண்டி வந்திருந்தா, முதல் வாளி வெள்ளையோட நான் நிறுத்தியிருப்பேன்க்கா. வந்து உன் கதவை உடைச்சிருப்பேன். ரெண்டு பேரும் கத்தியிருப்போம், அழுதிருப்போம். எல்லாம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். உன் வீட்டு வாசனைகூட எனக்கு வராம அடைச்சு வச்சுட்டியே."

"எங்க போற?"

இல்டா லாரியின் பின் கதவைச் சாத்திச் சங்கிலியைப் போட்டாள்.

"இப்ப சொல்ல மாட்டேன். சொல்ற நிலைமையில நான் இல்ல. திருவிழாவுக்கு வருவேனான்னு கேக்காதே. தெரியாது."

"இடம் பிடிச்சு வைப்பேன்."

"வச்சுக்கோ" என்றாள் இல்டா. "கைப்பை வைக்கத்தானே செய்வ. வச்சுக்கோ."

ஒடெட் திடுக்கிட்டாள். "உனக்கு யார் சொன்னது?"

"ஊர்ல இன்னும் என்கிட்ட பேசறவங்க ரெண்டு பேர் இருக்காங்க."

லாரி கிளம்பியது. வளாகத்தின் வளைவில் திரும்பி, நெடுஞ்சாலையில் ஏறி, மறைந்தது. ஒடெட் வெட்டவெளியில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். கதவுக்கு மேலே இருந்த கேமரா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவள் காரிலிருந்து இறங்கியபோது கார்னிக் வழக்கம் போல வாசலில் இருந்தார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். என்ன சொல்வதென்று தெரியாமல், அவள் கேட்பதற்கு முன்பே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் தூக்கினார்.

"ஒண்ணும் இல்ல தங்கச்சி. துளி வாசனைகூட இல்ல."

ஒடெட் எதிர்க் கட்டடத்தின் வெள்ளைச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவர் நிறத்திலேயே பூசியிருந்த தன் கதவைத் தேடிப் போய்த் திறந்தாள். உள்ளே ஷெங்கும் மற்றவர்களும் உடுப்பு மாற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வணக்கம் மேடம்" என்றாள் ஷெங்.